தலைமையாசிரியர் நாற்காலியில் இருந்தபடி ஒரு முனைவர் பட்டம்

பள்ளித் தலைமை குறித்துப் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்று சொன்னவுடன் சக தலைமையாசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதற்கு இன்கிரிமென்ட் உண்டா மேடம்?" என்பதாகத்தான் இருக்கிறது. கேட்பதில் தவறில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் உயர்கல்வி பயின்றால் ஊக்க ஊதிய உயர்வு தரும் வழக்கம் தமிழ்நாட்டில் பல்லாண்டுகளாக இருந்தது. அதை நம்பி ஒரு தலைமுறையே எம்.எட்., எம்.பில். என்று படித்துத் தள்ளியது. 2020 மார்ச்சில் அந்த ஊக்க ஊதியம் நிறுத்தப்பட்டது. பிறகு, ஒருமுறை மட்டும் வழங்கப்படும் தொகையாக, மிகவும் மெலிந்துபோய்த் திரும்பி வந்தது. எம்.பில். பட்டமோ 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிமுறைகளோடு முடிவுக்கு வந்துவிட்டது. ஆக, ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை, சம்பளத்திலோ பதவியிலோ பெரிய மாற்றம் எதையும் தராத ஒரு பட்டத்துக்காகச் சனி, ஞாயிறுகளைச் செலவிடுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு நின்றபடியே பதில் சொல்லிவிட முடிவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் முறையில் தலைமையாசிரியர் எப்படி உருவாகிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பல ஆண்டுகள் வகுப்பெடுத்த ஆசிரியர் ஒருவர், கணக்கு, அலுவலக நடைமுறை ஆகியவை குறித்த துறைத் தேர்வுகளை முடித்து, பணிமூப்புப் பட்டியலில் தம் முறை வந்ததும் கலந்தாய்வில் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார். ஆணையைப் பெற்றுக்கொண்டு போய்ப் பொறுப்பேற்கிறார். அவர் படித்த பி.எட். முழுவதும் வகுப்பறைக்கானது. எம்.எட். படித்தவராக இருந்தால் கல்வி நிர்வாகம் பற்றிக் கொஞ்சம் படித்திருப்பார். அதுவும் தேர்வுக்குப் படித்தது. பொறுப்பேற்கும் நாளில் அவர் கைக்கு வருபவை சாவிக்கொத்து, ரொக்கப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, பள்ளித் தகவல்களை ஏற்றும் அரசின் எமிஸ் தளத்தின் கடவுச்சொல், முந்தையவர் காலத்துக் கணக்குத் தணிக்கையில் எழுந்த தடைகள். எட்டாம் வகுப்பில் இன்னும் எழுத்துக்கூட்டியே வாசிக்கும் பிள்ளைகள் யார் யார் என்று ஒரு தாள் அந்தப் பொறுப்புப் பட்டியலில் இருந்து நான் பார்த்ததில்லை. நேற்றுவரை ஒரு பாடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் இன்று முதல் ஒரு நிறுவனத்துக்குப் பொறுப்பாகிறார். இடையில் ஓர் இரவு மட்டும் இருக்கிறது.

இத்தனைக்கும் தலைமையாசிரியரின் முக்கியத்துவத்தை இந்த நாட்டில் யாரும் மறுத்ததில்லை. 1952-இல் மத்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்தவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் இருந்த ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். ஒரு பள்ளியின் நற்பெயரும் சமூகத்தில் அதற்குள்ள இடமும் பெரும்பாலும் தலைமையாசிரியரின் செல்வாக்கைப் பொறுத்தவை என்ற கருத்தை அந்தக் குழுவின் அறிக்கை 1953-இலேயே பதிவு செய்துவிட்டது. காமராசர் காலத்தில் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர்மக்களிடமிருந்து இடமும் கட்டடமும் மேசை நாற்காலியும் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன. ஊரைத் திரட்டத் தெரிந்த தலைமையாசிரியர்கள் இல்லாமல் அது நடந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்பது நான் படித்த எந்தப் பாடத்திட்டத்திலும் ஒரு பத்தியைத் தாண்டி வந்ததில்லை. டெல்லியிலுள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனத்துக்கு 1962 வரை செல்லும் வேர் உண்டு. அங்கே பள்ளித் தலைமைக்கென்றே ஒரு தேசிய மையம் 2012-இல்தான் ஏற்பட்டது. முதலியார் குழு அறிக்கைக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய அறுபது ஆண்டுகள்.

இன்று ஒருவர் இத்துறையில் மேலே படிக்க விரும்பினால் வழிகள் மிகச் சிலவே. மேற்சொன்ன டெல்லி நிறுவனம் பள்ளித் தலைமையும் மேலாண்மையும் குறித்த ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பை இணையவழியில் நடத்துகிறது. பணியில் இருப்பவர்களுக்கு ஏற்ற படிப்பு அது. எம்.எட். 2015 முதல் ஈராண்டுப் படிப்பாகிவிட்டதால், விடுப்பு எடுக்காமல் அதைப் படிப்பது பணியில் இருப்பவர்களுக்கு எளிதாக இல்லை. அதற்கு மேலே இருப்பது முனைவர் பட்டம் ஒன்றுதான். அமெரிக்காவில் பள்ளி நிர்வாகிகளுக்கென்றே கல்வியியல் தொழில்முறை முனைவர் பட்டம் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகம் நூறாண்டுகளுக்கு முன்பே அதைத் தொடங்கி வைத்தது. பின்னர் 2010-இல் கல்வித் தலைமைக்கென மூன்றாண்டுப் படிப்பு ஒன்றில் முதல் அணியைச் சேர்த்துக்கொண்டது. அதன் மூன்றாம் ஆண்டை மாணவர்கள் நூலகத்தில் கழிப்பதில்லை. ஒரு கல்வி அமைப்புக்குள் வேலை பார்த்து, அந்த வேலையைப் பற்றியே எழுதிப் பட்டம் பெறுகிறார்கள். இங்கே அப்படி ஒரு பிரிவினை கிடையாது. பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் போகிறவரும், மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்க வேண்டியவரும் ஒரே விதிமுறைப்படி ஒரே வகை ஆய்வேட்டைத்தான் எழுதியாக வேண்டும். இது இத்துறையின் பெருங்குறை என்பது என் எண்ணம்.

சேர்வதற்கு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண், நுழைவுத் தேர்வு, நேர்காணல் ஆகியவை வேண்டும். இவற்றைவிடக் கடினமானது தடையின்மைச் சான்று. பகுதிநேர ஆய்வாளர், படிப்பதற்குப் போதிய நேரத்தை அவருடைய அலுவல் அனுமதிக்கிறது என்றும், தேவைப்பட்டால் பாடநெறிக்காகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்றும் பணியளிப்பவரிடம் எழுதி வாங்கித் தர வேண்டும் என்கிறது 2022 விதிமுறை. என் விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் ஒரு பருவம் முழுவதும் உறங்கியது. ஒவ்வொரு முறை கேட்டபோதும் "ஃபைல் மூவ்மென்டில் இருக்கிறது மேடம்" என்ற பதிலே கிடைத்தது; எங்கிருந்து எங்கே நகர்ந்துகொண்டிருந்தது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. பிறகு குறைந்தது 12 கிரெடிட் பாடநெறி; ஆய்வு முறையியலும் ஆய்வு, வெளியீட்டு அறமும் அதில் அடக்கம். குறைந்தபட்சக் காலம் மூன்று ஆண்டுகள், உச்சவரம்பு ஆறு, மறுபதிவு செய்தால் எட்டு. பெண்களுக்கு மேலும் ஈராண்டு சலுகை உண்டு. அந்தச் சலுகையின் அருமை, வீட்டில் மாமியாரின் மருத்துவமனை நாட்களையும் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு நாட்களையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

உண்மையான சண்டை தலைப்பில்தான் தொடங்கியது. நம் கல்வியியல் துறை நூலகங்களின் ஆய்வேட்டு அலமாரிகளைப் புரட்டியவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. தலைமைப் பண்பும் பணிநிறைவும், தலைமைப் பாங்கும் பள்ளிச் சூழலும், உணர்வுசார் நுண்ணறிவும் நிர்வாகத் திறனும் என இரண்டு மாறிகளை எடுத்துக்கொண்டு, முந்நூறு ஆசிரியர்களிடம் ஐந்து நிலை அளவுகோலில் வினாநிரலை நிரப்பி வாங்கி, ஆண் – பெண், கிராமம் – நகரம், அரசு – உதவிபெறும் பள்ளி எனப் பிரித்து, டி-சோதனை என்னும் புள்ளியியல் ஒப்பீட்டைச் செய்து, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று முடிப்பது அங்கே வழக்கமான வடிவம். வினாநிரல்கள் எப்படி நிரப்பப்படுகின்றன என்பதை நாங்கள் அறிவோம். மதிய உணவு இடைவேளையில் வட்டாரத்து நண்பர் ஒருவர் கட்டாகக் கொண்டுவந்து தருவார். இரண்டு பேர் உட்கார்ந்து ஆசிரியர் அறையில் உள்ள அனைவருக்குமாக டிக் அடித்து, மாலையில் திருப்பித் தருவோம். அப்படிப் பிறந்த தரவுகளுக்குத்தான் மூன்று தசம இடங்கள் வரை புள்ளியியல் முடிவுகள் அச்சாகின்றன. தலைமையாசிரியர்களின் தலைமைப் பாங்கு பற்றிய ஆய்வேடு ஒன்றை முழுவதுமாகப் படித்து முடித்தேன். அதில் ஒரு தலைமையாசிரியர்கூட எழுந்து நடந்து ஒரு வகுப்பறைக்குள் போகவில்லை.

என் நெறியாளர் நல்லவர், அனுபவமிக்கவர். "வினாநிரல் என்றால் இரண்டாண்டில் முடித்துவிடலாம் அம்மா, புறத்தேர்வாளர்களும் கேள்வி கேட்க மாட்டார்கள்" என்று அக்கறையோடுதான் சொன்னார். நான் கேட்க விரும்பிய கேள்வி வேறு. ஓர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியருக்குக் கற்பித்தலைப் பார்க்க ஒரு நாளில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது, அந்த நேரத்தை யார் எடுத்துக்கொள்கிறார்கள், அப்படியும் சிலர் அதை எப்படி மீட்டுக்கொள்கிறார்கள் என்பதைத்தான் அறிய விரும்பினேன். இதற்கு வினாநிரல் உதவாது. அருகில் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். என் ஆய்வை மேற்பார்க்கும் முனைவர் குழுவின் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், இத்தனை குறைந்த பேரைப் பார்த்துவிட்டு எப்படிப் பொதுமைப்படுத்துவீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் மேலாண்மை ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க்கைச் சொன்னேன். மேலாளர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதை அறிய அவர் பின்தொடர்ந்து கவனித்தது ஐந்து பேரை மட்டுமே. 1973-இல் வெளியான அந்த ஆய்வில், அந்த ஐவரில் ஒருவர் ஒரு பள்ளி மாவட்டத்தின் தலைமை அலுவலர். திட்டமிட்டு, அமைதியாக யோசித்து முடிவெடுப்பவர் மேலாளர் என்ற பாடப்புத்தகச் சித்திரத்துக்கு மாறாக, துண்டு துண்டாக, இடைமறிப்புகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையைத்தான் அவர் கண்டார். குழு ஒப்புக்கொண்டது, சிறு வினாநிரல் ஒன்றும் இருக்கட்டும் என்ற நிபந்தனையோடு.

இதற்கிடையே படித்தவை என்னை வேறு விதமாகக் கலைத்துப்போட்டன. தலைமையாசிரியரின் பணியை அளக்க இத்துறையில் அதிகம் பயன்படும் அளவுகோல்களுள் ஒன்று பிலிப் ஹாலிங்கர் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. 50 கூற்றுகள், பத்துப் பணிகள். இலக்குகளை வகுத்தல், கற்பித்தலை மேற்பார்வையிட்டு மதிப்பிடுதல், மாணவர் முன்னேற்றத்தைக் கண்காணித்தல், கற்பித்தல் நேரத்தைக் காத்தல், ஆசிரியர்களுக்கு ஊக்கம் அளித்தல் என்று அவை நீளும். கற்பித்தல் நேரத்தைக் காப்பது என்ற பகுதியில் நீண்ட நேரம் நின்றுவிட்டேன். தலைமையாசிரியர் தம் அலுவலகத்திலிருந்து வகுப்புக்குப் போகும் இடையூறுகளைத் தாமே குறைத்துக்கொள்ள முடியும் என்ற எண்ணம் அதற்கு அடியில் இருக்கிறது. எங்கள் பள்ளிகளில் வகுப்பறைக்குள் போகும் இடையூறுகளில் பெரும்பாலானவை தலைமையாசிரியர் அறையில் பிறப்பதில்லை. அவை மேலிருந்து வந்து, அந்த அறை வழியாகக் கடந்துபோகின்றன. ஆதார் எண், வங்கிக் கணக்கு, சாதிச் சான்று, பேருந்துப் பயண அட்டை, உயரம், எடை, விலையில்லாப் பொருட்களுக்கான ஒப்புகை எனக் கேட்கப்படும் தகவல் எதுவானாலும் வகுப்பாசிரியரை வகுப்பிலிருந்து எழுப்பித்தான் பெற வேண்டியிருக்கிறது. ஆசிரியரை நியமிக்கவோ மாற்றவோ ஊதியத்தில் கை வைக்கவோ இங்கே தலைமையாசிரியருக்கு அதிகாரம் கிடையாது. நிதியில் அவர் கைக்கு நேரடியாக எட்டுவது பள்ளி மானியம் போன்ற சிறு தொகைகளே. அவற்றிலும் எந்தச் செலவினத்துக்கு எவ்வளவு என்பது முன்பே எழுதி வருகிறது. அப்படியானால் அந்த ஐம்பது கூற்றுகளில் எத்தனை எங்களைப் பற்றியவை?

இந்தச் சலிப்போடு இருந்தபோது படித்ததுதான் நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ராபின்சனும் சக ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. பள்ளித் தலைவர்களின் எந்தெந்தச் செயல்கள் மாணவர் கற்றலோடு எவ்வளவு தொடர்புடையவை என்று பல ஆய்வுகளைச் சேர்த்து அவர்கள் கணக்கிட்டார்கள். ஊக்கமும் தொலைநோக்கும் ஊட்டும் உருமாற்றத் தலைமையைவிட, கற்பித்தலில் நேரடியாகக் கை வைக்கும் தலைமையின் விளைவு மூன்று, நான்கு மடங்கு அதிகம் என்று தெரிந்தது. தனித்தனிச் செயல்களில் உச்சத்தில் இருந்தது, ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தாமும் பங்கேற்பது. அதன் விளைவளவு, அதாவது தாக்கத்தின் அளவைக் காட்டும் எண், 0.84. அடிப்படையாக இருந்த ஆய்வுகள் குறைவு, பெரும்பாலும் மேலை நாடுகளைச் சார்ந்தவை என்பதை மறக்கக் கூடாதுதான். எனினும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. நியமன அதிகாரமோ நிதியோ கேட்காத செயல் அது. ஆசிரியரோடு உட்கார்ந்து தலைமையாசிரியரும் கற்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. நேரம் மட்டும் வேண்டும். ஆகவே என் கேள்வி நேரத்தைப் பற்றியதாக இருந்தது சரிதான் என்று தெளிந்தேன்.

களப்பணியில் பார்த்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் வேண்டாம். முதலாமவர் சாலையோரத்துப் பெரிய உயர்நிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர். அறிவியல் ஆசிரியராக இருந்தபோது மாவட்டத்தில் பெயர் பெற்றவர். காலை வழிபாடு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடத்தைப் பார்க்கப் போவதாக என்னிடம் சொல்லி, குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கைப்பேசி ஒலித்தது. மாணவர் வங்கிக் கணக்கு விவரங்களில் பிழை உள்ளவற்றைப் பகல் 12 மணிக்குள் சரிசெய்து ஏற்ற வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி. "மிக மிக அவசரம்" என்ற தலைப்பு. இளநிலை உதவியாளர் பணியிடம் காலி என்பதால் கணினி தெரிந்த ஆசிரியர் ஒருவரை வகுப்பிலிருந்து அழைத்தார். அந்த வகுப்புக்கு யாரை அனுப்புவது என்று பார்த்துக்கொண்டிருக்கையில், மோட்டார் ஓடவில்லை, கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று இரண்டு மாணவிகள் வந்து நின்றார்கள். எலக்ட்ரீஷியனுக்குப் பேசினார். மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதியைத் திருத்த வேண்டும் என்று பழைய மாணவர் ஒருவர் அவருடைய அப்பாவோடு வந்திருந்தார். சத்துணவு அமைப்பாளர் எண்ணிக்கை கேட்டார். இவ்வளவுக்கும் நடுவே அவர் அந்தக் குறிப்பேட்டைக் கக்கத்திலேயே வைத்திருந்தார். கடைசியில் வராந்தாவைக் கடந்து ஒன்பதாம் வகுப்பு வாசலை அடைந்தபோது பாடவேளை முடிந்து மணி அடித்தது. என்னைப் பார்த்து, "எழுதிக்கொள்ளுங்கள் மேடம், வகுப்பறை உற்றுநோக்கல் – அரை நிமிடம்" என்று சிரித்தார். அப்படியே எழுதிக்கொண்டேன். இவரிடம் தலைமைப் பண்பு இல்லை என்று எந்த வினாநிரலாவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இரண்டாமவர் தமிழாசிரியையாக இருந்து பதவி உயர்வு பெற்றவர். பள்ளி சற்றுச் சிறியது. இடையூறுகள் அதே அளவுதான். அவர் வகுப்புக்குப் போவதைவிட வகுப்பைத் தம்மிடம் வரவழைத்துக்கொண்டார். தினமும் மதிய உணவுக்குப் பிறகு ஏதேனும் ஒரு வகுப்பிலிருந்து பத்துக் குறிப்பேடுகள் அவர் மேசைக்கு வந்துவிடும். கையொப்பமிடுவதற்காக அன்று, படிப்பதற்காக. நான் இருந்த நாளில் வந்தவை ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டுகள். ஒரு பையன் மூன்றில் இரண்டையும் நான்கில் ஒன்றையும் கூட்டி ஏழில் மூன்று என்று எழுதியிருந்தான். மேலெண்களைக் கூட்டி மேலே, கீழெண்களைக் கூட்டிக் கீழே. ஆசிரியை சிவப்பு மையில் அடித்து, பன்னிரண்டில் பதினொன்று என்று சரியான விடையைப் பக்கத்தில் எழுதியிருந்தார். வழக்கப்படி பையன் பிழை திருத்தம் என்று தலைப்பிட்டு அந்த விடையை மூன்று முறை அழகாக எழுதியிருந்தான். பக்கத்தைப் புரட்டினால், அரையையும் ஐந்தில் ஒன்றையும் கூட்டி ஏழில் இரண்டு என்று மறுபடியும் அதே வழியில் போட்டிருந்தான். பத்து நோட்டுகளில் பாதிக்குமேல் இதே கதை.

அவர் கணக்கு ஆசிரியையை உடனே கூப்பிடவில்லை. மாலையில் பிள்ளைகள் போன பிறகு, நோட்டுகளோடு ஆசிரியர் அறைக்கே போய் உட்கார்ந்தார். "எனக்குக் கணக்கு வராது டீச்சர், இந்தப் பையன் மனசுல என்ன நினைச்சு இப்படிப் போட்டான்னு எனக்குச் சொல்லுங்க" என்றார். ஆசிரியை முதலில் தற்காப்பாகவே பேசினார். ஆறாம் வகுப்பிலேயே அடிப்படை சரியில்லை என்றார். ஆறாம் வகுப்புக்கு எடுப்பவரும் அங்கேயே இருந்தார். அடுத்த அரைமணி நேரம் கணக்கு எடுக்கும் மூவரும், காகிதத்தை மடித்துக் கிழித்து, மூன்றில் இரண்டும் நான்கில் ஒன்றும் சேர்ந்து ஏழில் மூன்றைவிட எவ்வளவு பெரியது என்று கண்ணால் காட்டுவது எப்படி என்று பேசிக்கொண்டார்கள். மூன்றில் இரண்டு தனியாகவே பாதிக்கு மேல் இருக்கும்போது, இன்னொன்றைக் கூட்டிய பிறகு விடை பாதிக்குக் குறைவாக வருமா என்று பிள்ளைகளையே கேட்க வைக்கலாம் என்று ஆறாம் வகுப்பு ஆசிரியர் சொன்னார். தலைமையாசிரியை அதிகம் பேசவில்லை. காகிதத்தை அவரும் மடித்தார். ராபின்சன் குழுவினரின் 0.84 என்ற எண்ணை நான் கண்ணால் பார்த்தது அந்த ஆசிரியர் அறையில்தான் என்று என் ஆய்வேட்டில் எழுத முடியாது, நெறியாளர் அடித்துவிடுவார். இங்கே எழுதலாம்.

அவரிடம் இதற்கான நேரம் எப்படி வந்தது என்பதுதான் ஆய்வாளராக நான் துருவிய விஷயம். தகவல் கோரிக்கைகளை அவர் வந்தவுடன் வகுப்புகளுக்கு அனுப்புவதில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் அடிக்கடி கேட்கப்படும் விவரங்களை ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு நீண்ட பேரேட்டில் தொகுத்து வைத்திருந்தார். கேட்பதில் பெரும்பகுதிக்கு விடை அவர் மேசையிலேயே இருந்தது. உண்மையிலேயே வகுப்பாசிரியரைக் கேட்டாக வேண்டியவற்றைக் கடைசிப் பாடவேளைக்கு ஒதுக்கினார். பள்ளி மேலாண்மைக் குழுவை அவர் சடங்காக நடத்தவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தண்ணீர், மோட்டார், சுற்றுச்சுவர் ஆகியவற்றின் பொறுப்பை அந்தப் பெண்களில் இருவர் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். எலக்ட்ரீஷியனை அவர்களே அழைத்து வந்தார்கள். சில நேரங்களில் தாமதத்துக்காக மேலிடத்தில் பேச்சு வாங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாதாந்திர மீளாய்வுக் கூட்டத்தில் பட்டியலில் கடைசியாக இருந்த பள்ளிகளை எழுந்து நிற்கச் சொன்னபோது அவரும் நின்றிருக்கிறார்.

இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு என் பள்ளியில் என்ன செய்தேன் என்று கேட்கலாம். பேரேட்டை அப்படியே எடுத்துக்கொண்டேன், கூச்சப்படவில்லை. முதல் இரண்டு பாடவேளைகளில் எந்தச் சுற்றறிக்கையும் வகுப்புக்குப் போகாது என்று ஆசிரியர் கூட்டத்தில் அறிவித்தேன். அதைச் சிலர் வரவேற்றார்கள். மூத்த ஆசிரியர் ஒருவர், "இதுவும் ஒரு சுற்றறிக்கைதானே மேடம்" என்றார். குறிப்பேடு படிப்பதை என் பாடமான சமூக அறிவியலில் தொடங்க எனக்கு விருப்பமிருந்தது. அது எளிது, ஆனால் அதில் நான் தீர்ப்புச் சொல்பவளாகிவிடுவேன் என்பதால் ஆங்கிலத்தில் தொடங்கினேன். ஆங்கில ஆசிரியை முதல் வாரத்தில் குறிப்பேடுகளை அனுப்புவதற்கு முன்பே ஒருமுறை திருத்தி, அட்டை போட்டு அனுப்பினார். ஆய்வுக்குப் போகும் தலைமையாசிரியரும் ஆய்வுக்கு உள்ளாகும் ஆசிரியரும் நெடுநாள் பழகிய வேடங்கள் அவை, கலைய நாளாகும். தேர்ச்சி விழுக்காடு உயர்ந்ததா என்று கேட்டால், அதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை, ஆய்வு முறையியல் படித்தவள் அப்படிச் சொல்லவும் கூடாது.

சிரமங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கில ஆய்விதழ்களில் பெரும்பாலானவை கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கின்றன. பகுதிநேர ஆய்வாளருக்குப் பல்கலைக்கழக நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் பள்ளியும் திறந்திருக்கிறது. ஆய்வேடு அளிப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறைகள் நீக்கினாலும், பல்கலைக்கழகங்கள் தம் விதியாக அதை வைத்துக்கொள்ளலாம். மானியக் குழு, தான் ஏற்கும் ஆய்விதழ்களின் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்ட நிலையில், பணம் கட்டினால் பத்து நாளில் அச்சிட்டுத் தரும் இதழ்களின் மின்னஞ்சல் தினமும் வருகிறது. பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 10 விழுக்காடு வரை சிக்கலில்லை என்பதால் அரசாணை வாசகங்களை மேற்கோளாகத் தருவதற்குக்கூடப் பயந்து பயந்து எழுத வேண்டியிருக்கிறது. இவற்றையெல்லாம்விடக் கடினமானது, மற்றவர் பள்ளியில் நாள் முழுவதும் உட்கார எனக்குக் கிடைக்கும் விடுப்பு. ஈட்டிய விடுப்பில் பாதி அதற்கே போயிற்று.

இத்தனையும் தெரிந்த பிறகும் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் கருத்து இது. பள்ளி நிர்வாகத்தை முறையாக அறிந்துகொள்வதே நோக்கம் என்றால் டெல்லி நிறுவனத்தின் ஓராண்டுப் பட்டயப் படிப்பு போதும். அதுவே நேரத்துக்கும் உடலுக்கும் நல்லது. முனைவர் பட்டம், தம் பள்ளியில் தம்மை உறுத்தும் ஒரு கேள்வி ஏற்கெனவே உள்ளவருக்கானது. கேள்வியை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கு இடம் தரும் நெறியாளரைத் தேடி, அவர் இருக்கும் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இந்த வரிசையைப் பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். வயதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஓய்வு வயது 60 என்றான பிறகும், ஐம்பத்து நான்கில் பதிவு செய்பவர் பட்டம் வாங்கும்போது வழியனுப்பு விழாவுக்கான சால்வை தயாராக இருக்கும்.

துறைக்கும் ஒரு வார்த்தை. பணியில் இருந்தபடியே இந்தப் படிப்பை முடித்த தலைமையாசிரியர்கள் மாநிலத்தில் பலர் இருக்கிறார்கள். பட்டம் பணிப்பதிவேட்டில் பதிவாகிறது, அதோடு சரி. புதிதாகப் பதவி உயர்வு பெறுபவர் பொறுப்பேற்கும் அந்த முதல் பருவத்தில், அவருக்குப் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை வழிகாட்டியாக ஒதுக்குவதற்குப் புதிய பணியிடமோ நிதியோ தேவையில்லை. நானும் அந்தத் தமிழாசிரியையும் எங்கள் கல்வி மாவட்டத்தில் இந்த ஆண்டு புதிதாகப் பொறுப்பேற்றவர்களை ஒரு சனிக்கிழமை என் பள்ளிக்கு அழைப்பதாக இருக்கிறோம். உரை, மேடை, பொன்னாடை எதுவும் கிடையாது. ஒவ்வொருவரும் தம் பள்ளியிலிருந்து ஏதேனும் ஒரு வகுப்பின் பத்துக் குறிப்பேடுகளைக் கொண்டுவர வேண்டும். மதிய உணவு எங்கள் பொறுப்பு. கூட்டம் நடத்த அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். வாய்மொழியாகச் சம்மதம் கிடைத்துவிட்டது, எழுத்துவடிவில் வந்ததும் தேதியை இங்கேயே தெரிவிக்கிறேன்.